வெறுங்குழாய்

ராஜா இல்லாத காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. முன்பு ராஜாவாக இருந்தது ஒரு புலி. அதன் அட்டகாசம் தாங்க முடியாமல் மிருகங்கள் எல்லாம் ஒன்றுகூடி, அதை ஆற்றுக்கு அக்கரைக்கு விரட்டிவிட்டன.

விரட்டியதுகூடப் பெரிய காரியம் இல்லை. கோபம் வந்தால் யாரும் விரட்டலாம். அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய காரியம். "இனி யார் ராஜா?" என்று அந்த மிருகங்கள் கேட்கவில்லை. "இனிமேல் எப்படி?" என்று கேட்டன. நாற்பது நாள் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு போய், திரும்பி வந்து, மறுபடி பேசி, கடைசியில் ஒரு சட்டம் செய்தன. விழுந்து கிடந்த ஒரு தேக்கு மரத்தில் மரங்கொத்தி அதை வரி வரியாகக் கொத்தி வைத்தது.

சட்டம் சொன்னது இதுதான். எட்டு இனத்துக்கும் ஒரே சபை. நாலு வருஷத்துக்கு ஒரு தலைவர். பங்குனி மாதம் கடைசி நாள், மடுப் பாறையின் மேலிருந்து வெயில் இறங்கும்போது பழைய தலைவர் பாறையை விட்டு இறங்க வேண்டும், புதிய தலைவர் ஏற வேண்டும்.

மடுப் பாறை என்று ஏன் பெயர் தெரியுமா? கோடையில் ஆறு வற்றிவிட்டால் அந்தப் பாறைக்கு அடியில் இருக்கும் மடு ஒன்றில் மட்டும்தான் தண்ணீர் மிஞ்சும். காடு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். அதற்கும் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. சிறிய இனம் முதலில் குடிக்கும், பெரிய இனம் கடைசியில் குடிக்கும், முறை தவறாமல் தலைவர் பார்த்துக்கொள்வார்.

எட்டு இனத்திலும் எண்ணிக்கையில் ஆகச் சிறியது சருகுமான். முயல் அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது. சருகில் படுத்துக்கொண்டால் எது சருகு, எது மான் என்று தெரியாது. அந்த இனத்துக்குச் சபையில் ஒரே ஓர் இடம். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் பெயர் கூரன். பயந்த சுபாவம். பழுத்த இலை விழுந்தால்கூட ஒரு முழம் துள்ளுவான்.

ஆனால் சபைக்கு வரும்போது மட்டும் கூரனுக்குப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். எதிரே காட்டெருமை உட்கார்ந்திருக்கும். அதன் ஒரு குளம்பு கூரனின் தலையைவிடப் பெரியது. அப்படிப்பட்ட காட்டெருமை, "சருகுமான் இனம் பேசலாம்" என்று அறிவிப்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டு கேட்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கூரனுக்கு உடம்பு சிலிர்க்கும். மரத்தில் கொத்தி வைத்த நாலு வரிக்கு இவ்வளவு பலமா என்று ஆச்சரியப்பட்டு மாளாது அவனுக்கு.

சரி, தலைவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? ஒவ்வோர் இனமும் தன் அளவுக்கு ஏற்றபடி உறுப்பினர்களை அனுப்பும். உறுப்பினர் ஒவ்வொருவரும் மரப்பொந்தில் இரண்டு இலை வரை போடலாம். அதிக இலை வாங்கியவர் தலைவர். அடுத்தபடி வாங்கியவர் துணைத்தலைவர். எந்த இலை தலைவருக்கு, எந்த இலை துணைக்கு என்று சொல்ல மட்டும் சட்டத்தில் வழி வைக்கவில்லை. "அதிகம் வாங்கினவர் தலைவர். இதில் என்ன குழப்பம் வரப்போகிறது?" என்று சட்டம் செய்தவர்கள் நினைத்துவிட்டார்கள். தங்கள் காடு இரண்டு கட்சியாகப் பிரியும் என்று அவர்கள் கனவிலும் எண்ணவில்லை. நல்லவர்கள் செய்கிற தவறு இப்படித்தான் இருக்கும்.

பிரிந்தது. அப்போது தலைவராக இருந்த கரடியார் ஒரு பக்கம். அவர் முன்கோபி, ஆனால் நேர்மையானவர். காட்டில் எல்லாம் பாறை மேல் இருக்கும் தலைவரின் சொல்படி நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முள்ளம்பன்றி, கீரி, சருகுமான் ஆகிய மூன்று இனமும் அவரோடு இருந்தன. எதிர்ப்பக்கம் காட்டெருமையார். பிடிவாதக்காரர். அவரோடு புள்ளிமான், குரங்கு, கொக்கு ஆகிய மூன்று இனம். "அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்த்துக்கட்டும். எல்லாத்துக்கும் தலைவர் எதுக்கு? தண்ணி குடிக்கிறதுக்குமா தலைவர்?" என்று காட்டெருமையார் ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டார்.

அந்தப் பேச்சைக் கேட்டு சருகுமான்கள் நடுங்கிப்போயின. முறை இல்லாவிட்டால் நாற்பது காட்டெருமை இறங்கிக் கலக்கிய பிறகு மிஞ்சுகிற சேறுதான் அவற்றுக்குக் கிடைக்கும். எல்லாம் கூடிக் கூரனிடம் சத்தியம் வாங்கின.

"நம்ம இலை காட்டெருமைக்கு மட்டும் விழக் கூடாது. தெரிஞ்சுதா கூரா?"

"விழாது" என்று கூரன் சத்தியம் செய்தான்.

தேர்தல் நாள் வந்தது. காட்டெருமையாருக்கு அடையாளம் தேக்கு இலை. அவர் கட்சியில் துணைத்தலைவராக நின்றவர் கொக்கார், அவருக்கு நாணல். கரடியாருக்கு இலுப்பை இலை. அவருக்குத் துணையாக நின்ற முள்ளம்பன்றி முள்ளியம்மாளுக்கு மூங்கில் இலை. எண்ணிச் சொல்லும் வேலை தேவாங்கினுடையது. பகலில் தூங்கி வழியும் பிராணி அது. ஆனாலும் உருண்டைக் கண்ணை உருட்டி உருட்டி, யாருக்கும் பட்சபாதம் இல்லாமல் எண்ணும்.

"இலுப்பை பதினாலு. மூங்கில் பதிமூணு" என்றது தேவாங்கு. "தேக்கு இருபத்தொண்ணு."

காட்டெருமையின் பக்கம் ஒரே ஆரவாரம். குரங்குகள் குட்டிக்கரணம் போட்டன.

"இருங்கப்பா. நாணல்..." தேவாங்கு இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தது. "நாணலும் இருபத்தொண்ணு."

ஆரவாரம் அப்படியே அடங்கிப்போயிற்று. தலைவராக வேண்டியவரும் துணைத்தலைவராக வேண்டியவரும் சமம்! அந்தக் கட்சியில் யாராவது ஒருவர் ஒரே ஒரு நாணலைப் போடாமல் விட்டிருந்தால் போதும்.

"மான் விட்டுடும்னு நான் நினைச்சேன்" என்றது குரங்கு.

"நீ விட்டுடுவேன்னு நான் நினைச்சேன்" என்றது புள்ளிமான்.

இருபத்தொரு பேரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். கரடியின் பக்கம் மட்டும் ஞாபகமாக ஒரு மூங்கில் இலையைப் போடாமல் நிறுத்தி வைத்திருந்தது. பாருங்கள் வேடிக்கையை, விதியை ஒழுங்காகப் படித்தவர்கள் தோற்றுப்போனார்கள்!

சமம் வந்தால் என்ன செய்வது என்று சட்டத்தில் இருந்தது. ஒவ்வோர் இனமும் ஒரு மூங்கில் குழாயைச் சபையில் வைக்க வேண்டும். பெரிய இனம், சிறிய இனம் என்ற பேதம் கிடையாது. ஓர் இனத்துக்கு ஒரே குழாய், அதில் ஓர் இலைக்கு மேல் கூடாது. சமமாக வந்த இருவரில் யார் இலை அதிகக் குழாயில் இருக்கிறதோ அவர் தலைவர். மறுபடி சமம் வந்தால் மறுபடி வைக்க வேண்டும். எட்டு இனம், எட்டுக் குழாய். எட்டைப் பாதியாகப் பிரித்தால் நாலும் நாலும் வரும் என்பது சட்டம் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. நாற்பது நாள் பேசினால் களைப்பு வராதா?

முள்ளியம்மாள் உடனே தன் பக்கத்தாரைக் கூட்டினாள். வன்மத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"நாம தோத்தாச்சு, சரி. அவங்க ஆசைப்பட்ட தலைவரும் அவங்களுக்குக் கிடைக்கக் கூடாது. நாலு குழாயிலயும் நாணலைப் போடுவோம். கொக்கு ஏறட்டும்."

"கொக்கை நமக்கும் பிடிக்காதே!" என்றது கீரி.

"பிடிக்காட்டி என்ன? காட்டெருமை மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சுப் பாரு."

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டானாம் ஒருவன். அந்தக் கதைதான். கூரனுக்கும் அப்போது அது நல்ல யோசனையாகவே பட்டது. அவனும் நாணலைப் போட்டான்.

தேக்கு நாலு, நாணல் நாலு. மறுபடியும் நாலு, நாலு. ஆறு நாளில் முப்பத்தைந்து தடவை குழாயைக் கவிழ்த்தார்கள். முப்பத்தைந்து தடவையும் சமம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கொக்கு இனமே தங்கள் கொக்காருக்குப் போடவில்லை. பேசினபடி காட்டெருமைக்குத்தான் போட்டது.

ஏழாம் நாள்தான் பங்குனியின் கடைசி நாள். காடே கொதித்துக் கிடந்தது. இளம் காட்டெருமைகள் மரங்களில் கொம்பைத் தீட்டிக்கொண்டிருந்தன. கரடிகள் பாறையைச் சுற்றிக் கூடிவிட்டன. ஆறு வற்றி வெறும் மணலாகக் கிடந்தது. அக்கரை மணலில் புலி வந்து உட்கார்ந்திருப்பதாகப் பருந்து சேதி கொண்டுவந்தது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் அல்லவா?

அன்று காலை கூரனின் மச்சான் மூச்சிரைக்கச் சபைக்கு ஓடிவந்தான்.

"மாப்ளே, மடுவில முறை போயிடுச்சு! குரங்குக்கும் கீரிக்கும் அடிதடி. போகப்போற தலைவர் பேச்சை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. உன் குட்டிக்கு இன்னைக்கு ஒரு வாய் தண்ணிகூடக் கிடைக்கல."

முறை போய்விடும் என்று பயந்துதான் இத்தனை நாளும் கூரன் நாணலைப் போட்டான். நாணலைப் போட்டுப் போட்டே முறை போய்விட்டது! சாயங்காலம் வெயில் இறங்கும்போது பாறை மேல் ஏற யாரும் இல்லாவிட்டால் சட்டமே கிடையாது. கொம்பு உள்ளவன் குடிப்பான். அதற்குப் பிறகு, அக்கரையில் உட்கார்ந்திருப்பவன் வருவான்.

அவன் பாறையின் மறுபக்கம் இருந்த மடுவுக்கு நேரே ஓடினான். அங்கே ஒற்றைக் காலில் கொக்கார் நின்றுகொண்டிருந்தார்.

"கொக்கண்ணே, ஒரு வார்த்தை."

"சொல்லுப்பா."

"உங்களைத் துணைத்தலைவராத்தானே நிறுத்தினாங்க?"

"அப்படித்தான் பேச்சு."

"அப்ப 'தலைமை எனக்கு வேண்டாம்'னு சபையில சொல்லிடுங்க. இந்த நிமிஷமே எல்லாம் முடிஞ்சுடும்."

கொக்கார் காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். "சபை நடக்கிறப்ப நான் வாயைத் திறந்தா மரியாதையா இருக்குமா?"

"உங்க இனமே உங்களுக்குப் போடலையே!"

"அது அவங்க பெருந்தன்மை."

"உங்களுக்கு எங்க போச்சு அது?"

கொக்கார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை வேண்டும் என்றும் அவர் வாயில் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. தானாக நீந்தி வருகிற மீனுக்காக நிற்கிறவர் அவர். நாளைக்குப் பாறை மேல் ஏறினாலும் இப்படித்தான் நிற்பார் என்று கூரனுக்குப் புரிந்துபோயிற்று.

அடுத்து அவன் செய்த காரியத்தை அவனாலேயே நம்ப முடியவில்லை. நேரே காட்டெருமையாரின் எதிரே போய் நின்றான். சருகுமான் நிமிர்ந்து பார்த்தால் காட்டெருமையின் முழங்கால்தான் தெரியும். இன்னும் நிமிர்ந்து பார்த்தான்.

"ஐயா, நீங்க தலைவரானா மடுவில சின்னவங்க முதல்லங்கிற முறை இருக்குமா? இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எங்க ஆளுங்ககிட்டப் பேசிச் சத்தியத்தைத் திரும்ப வாங்கிட்டு வர்றேன். என் குழாயில தேக்கு இலை விழும்."

"சொல்ல மாட்டேன்" என்றார் காட்டெருமையார்.

கூரனுக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது. "ஏன் ஐயா?"

"இன்னைக்கு உனக்கு ஒரு வாக்கு குடுத்து உன் இலையை வாங்குவேன். அப்புறம் கீரிக்கு ஒண்ணு, முள்ளம்பன்றிக்கு ஒண்ணு. அப்படி ஏறினா பாறை மேல நானா உட்கார்ந்திருப்பேன்? நான் குடுத்த வாக்குங்கதான் உட்கார்ந்திருக்கும். என் மனசுல இருக்கிறதை ஊரறியப் பேசியாச்சு. பிடிச்சாப் போடு, இல்லாட்டி விடு."

"எனக்கு உங்களைப் பார்த்தாப் பயமா இருக்கு."

"இருக்கட்டும். தலைவனைப் பார்த்துக் கொஞ்சம் பயம் இருக்கிறது நல்லதுதான். நாலு வருஷத்துல இறக்கிடலாம்ல?"

"உங்க பசங்க கொம்பு தீட்டறாங்களே?"

காட்டெருமையாரின் குரல் இறங்கியது. "வேண்டாம்னு சொல்லியிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் என் பேச்சு செல்லும். வெயில் இறங்கிட்டா யார் பேச்சும் செல்லாது, தம்பி."

இருதலைக் கொள்ளி எறும்பாகக் கூரன் சபைக்குத் திரும்பினான். கொக்கை நம்ப முடியவில்லை. காட்டெருமைக்குப் போடச் சத்தியம் விடவில்லை. அதற்குள் நிழல் பாறையின் பாதி வரை ஏறிவிட்டது. எட்டு இனமும் வந்து கூடிவிட்டன.

முள்ளியம்மாள் அவன் காதோரம் வந்தாள்.

"கூரா, இன்னும் கொஞ்ச நேரம்தான். சமமாவே இருக்கட்டும். வெயில் இறங்கினா புதுத் தலைவர் இல்ல. புதுத் தலைவர் இல்லைன்னா பழைய தலைவரே உட்கார்ந்துக்கலாம். கரடியார் நம்ம ஆளு. உன் மடு முறைக்கு ஒரு கேடும் வராது."

கூரனின் நெஞ்சு துள்ளியது. ஆகா, இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை! கரடியார் இருந்தால் முறை இருக்கும். குட்டிக்குத் தண்ணீர் கிடைக்கும். சத்தியமும் கெடாது. அவன் ஆசையோடு பாறையை நிமிர்ந்து பார்த்தான்.

முள்ளியம்மாள் பேசியது கரடியாரின் காதில் விழுந்துவிட்டது. அவர் ஓர் உறுமல் உறுமினார். பாறையே அதிர்ந்தது.

"யார் சொன்னது அது? வெயில் இறங்கினா நானும் இறங்கிடுவேன்."

"உங்களுக்கு இந்த இடம் வேண்டாமா, தலைவரே?" என்றாள் முள்ளியம்மாள்.

"வேணும். வேண்டாம்னு பொய் சொல்லுவேனா? இறங்கணும்னு நினைச்சாலே நெஞ்சு எரியுது. அந்தக் காட்டெருமையை எனக்குக் கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்காது. ஆனா அக்கரையில உட்கார்ந்திருக்கானே, அவனுக்கும் நகம் இருக்கு, எனக்கும் நகம் இருக்கு. அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நாள் வந்தா நான் இறங்குவேன். அது ஒண்ணுதான்."

கூரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு கோபக்காரர், இவ்வளவு பலசாலி, இவ்வளவு ஆசைப்படுகிறவர், ஒரு மரத்தில் கொத்திய வரிக்காக இறங்குகிறேன் என்கிறார். அவர் முன்னால் தன் பயம் எத்தனை சின்னது என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. இறங்குகிறவர் இறங்குகிறேன் என்கிறார், ஏறுகிறவனுக்கு வழி விடாமல் நிற்பது யார்? நான்தானே!

அவன் அந்தத் தேக்கு மரத்தின் அருகே போய், கொத்தி வைத்த வரிகளை இன்னொரு தடவை படித்தான். பிறகு தன் குழாயை எடுத்துக்கொண்டு போய்ச் சபை நடுவில் வைத்தான்.

முப்பத்தாறாவது தடவையாகத் தேவாங்கு குழாய்களைக் கவிழ்த்தது.

"காட்டெருமை இனம், தேக்கு. கரடி இனம், நாணல். புள்ளிமான் இனம், தேக்கு. முள்ளம்பன்றி, நாணல். குரங்கு, தேக்கு. கீரி, நாணல். கொக்கு, தேக்கு."

கடைசியாக மிஞ்சியது சருகுமான் குழாய். தேவாங்கு அதைக் கவிழ்த்தது. ஒன்றும் விழவில்லை. தட்டிப் பார்த்தது. ஊதிப் பார்த்தது. ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தது. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"குழாய் காலி" என்றது தேவாங்கு.

முள்ளியம்மாளின் முள் ஒவ்வொன்றும் விறைத்து நின்றது. "துரோகி! காட்டெருமைக்கு விலை போயிட்டியா?"

கூரன் தேவாங்கின் பக்கம் திரும்பினான். "என் குழாயில தேக்கு இலை இருக்கா, தேவாங்கையா?"

"இல்ல."

"காட்டெருமைக்குப் போடாதேன்னு எங்க இனம் சத்தியம் வாங்கிச்சு. நான் போடல."

"நாணல் எங்கடா?"

"கொக்கண்ணன் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. நம்பிக்கை இல்லாத இடத்துல முப்பத்தஞ்சு தடவை போட்டதே தப்பு. மூக்கை அறுத்துக்கிறதுக்கு எங்க மூக்கு ரொம்பச் சின்னது, முள்ளியக்கா."

"வெறுங்குழாய் செல்லாது! செல்லாது!" என்று கத்தினாள் அவள்.

தேவாங்கு சட்டம் கொத்திய மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, விரலை வைத்து மெல்லப் படித்தது. காடு முழுக்கக் காத்திருந்தது. வெயிலோ பாறையின் உச்சியில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"இனம் ஒவ்வொண்ணும் குழாய் வைக்கணும்னு இருக்கு. வெச்சாச்சு. காலியா வைக்கக் கூடாதுன்னு கொத்தல" என்றது தேவாங்கு. "தேக்கு நாலு, நாணல் மூணு. காட்டெருமையார் தலைவர். கொக்கார் துணைத்தலைவர். அடுத்த தடவைக்குள்ள மரங்கொத்தியைக் கூப்பிட்டுத் தலைவருக்கு ஒரு பொந்து, துணைக்கு ஒரு பொந்துன்னு கொத்தி வையுங்கப்பா. எனக்குத் தூக்கம் வருது."

"நானும் இதைத்தான் விரும்பினேன்" என்றார் கொக்கார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லாருடைய கண்ணும் பாறை மேல் இருந்தது.

உச்சியிலிருந்து வெயில் விலகியது. கரடியார் எழுந்தார். கரடிகள் மரத்திலிருந்து இறங்குவது போல, முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு காலாகத் துழாவித் துழாவிக் கீழே இறங்கலானார். வேறு நாளாக இருந்தால் குரங்குகள் சிரித்திருக்கும். அன்று ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

கீழே இருந்து காட்டெருமையார் ஏறினார். வழியோ குறுகல். நடுவழியில் கரடியார் திரும்பியதும் இருவரும் நேருக்கு நேர் நின்றுவிட்டார்கள். கொம்பு தீட்டிய கூட்டம் ஒரு பக்கம், நகம் நீட்டிய கூட்டம் ஒரு பக்கம். கூரன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். முன்பு ஒரு தடவை இந்தப் பாறையில் ஆள் மாறியதை அவன் குட்டியாக இருந்தபோது பார்த்திருக்கிறான். அப்பன் புலியைக் கொன்றுவிட்டு மகன் புலி ஏறியது. மூன்று நாள் மடுத் தண்ணீர் சிவப்பாக இருந்தது.

கரடியார் பாறைச் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.

"மேலே மூணாவது படி வழுக்கும். பார்த்து ஏறுங்க" என்றார்.

"ஆகட்டும்" என்றார் காட்டெருமையார்.

அவ்வளவுதான், பிள்ளைகளே. ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. ஒரு முள் பறக்கவில்லை. இருந்தவர் இறங்கிவிட்டார், தோற்கடித்தவர் ஏறிவிட்டார். கூரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வானம் இடிந்து விழுந்திருந்தால்கூட அவன் அப்படி வியந்திருக்க மாட்டான். கொம்பு தீட்டிய இளவட்டங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அக்கரையில் புலி எழுந்து, மணலை உதறிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டதாகப் பருந்து வந்து சொன்னது.

காட்டெருமையார் பாறை மேலிருந்து முதல் கேள்வி கேட்டார். "மடுவில இப்ப யார் முறை?"

"காலையில முறை கெட்டுப்போச்சு. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றது தேவாங்கு. "சருகுமான்."

அவருடைய இனத்தார் நாற்பது பேரும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மடுவின் கரையில் நின்றார்கள். விடிந்ததிலிருந்து அவர்களும் ஒரு வாய் குடிக்கவில்லை.

"தள்ளி நில்லுங்க" என்றார் காட்டெருமையார்.

"நீங்கதானே தண்ணிக்குத் தலைவர் எதுக்குன்னு கேட்டீங்க?" என்றது அவருடைய இனத்திலேயே ஒன்று.

"இன்னும் கேப்பேன். சபையில கேப்பேன். சபை மாத்துற வரைக்கும் சட்டம் சட்டம்தான். தள்ளி நில்லுங்க."

நாற்பது காட்டெருமைகளும் விலகி நின்றன. கூரன் குட்டியை முன்னே விட்டு, அந்தப் பெரிய கால்களுக்கு நடுவே நடந்து போனான். தண்ணீர் அருகில் போனதும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பிப் பாறையைப் பார்த்தான்.

"ஐயா, நான் உங்களுக்குப் போடல."

"தெரியும்."

"அடுத்த தடவையும் போட மாட்டேன்."

"சரி, போடாதே. அதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? குடி."

குட்டி முதலில் குனிந்து குடித்தது. அது வயிறாரக் குடித்து முடிக்கும்வரை நாற்பது காட்டெருமைகளும் காத்துக்கொண்டு நின்றன.

நீதி: நம் ஆள் தோற்றால் நாலு வருஷம் பொறுக்கலாம், சபை தோற்றால் ஒரு நாளும் பொறுக்க முடியாது.